பீலிக்கு மேலே ஏழு பேர்ச்

எங்கள் தொழிலில் மொத்தச் சாமர்த்தியமும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்தான் இருக்கிறது. ஊரில் ஆள் பிடிக்க வேண்டும். அவர்களுக்கு நிலத்தைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் கற்றுக்கொடுக்க வேண்டும். பிறகு அவர்களைப் பிரதேச சபைக்கு அனுப்பி, எங்கே குப்பை கொட்டலாம், எங்கே வீடு கட்டலாம், எந்த ஊற்றுக்கு மேலே எதைச் செய்யக் கூடாது என்று அவர்கள் சபை உறுப்பினர்களுக்குப் பாடம் எடுக்கும்போது, நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டும். பேசுவது, அப்படி நாங்கள் பிடித்த தொண்டர்கள். நாங்கள் பேசினால் அது எங்கள் நிறுவனத்தின் கருத்தாகிவிடுமாம். பின்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் ஊரைப் பற்றி யாரோ தப்பும் தவறுமாகப் பேசுவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாங்க, நீங்களும் என் கட்சிதான்.

நான் பிறந்தது தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளருக்குக் கட்டிவிட்ட வரிசை வீடுகளில். இப்போது பதுளையில் ஒரு கடைக்கு மேல்மாடியில் வாடகை அறை. அங்கே குழாயில் ஒன்றுவிட்ட நாள் தண்ணீர் வரும், மருந்து வாசத்தோடு வரும். அதை வாயில் வைக்கும்போதெல்லாம் எங்கள் லயத்துப் பீலி ஞாபகம் வரும். பீலி என்றால் மலையில் ஊறுகிற தண்ணீரை லயத்துக்குக் கொண்டுவருகிற குழாய் வாய். அதற்குத் திருகு கிடையாது, அது பாட்டுக்கு இராப்பகலாக ஓடும். அம்மா இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறார். பீலிக்கு மேலே உள்ள சரிவில், வீடு கட்டிக்கொள்ள ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம் என்று அளந்து குச்சி நட்டுவிட்டுப் போய்ப் பல வருஷமாகிறது. அந்தப் பட்டியலில் அம்மா பேர் இருக்கிறது. குச்சியைக் கறையான் தின்னும், அம்மா புதுக் குச்சி நடுவார். அந்த ஏழு பேர்ச்சில் ஒரு வீடு, வாசலில் இறங்கினால் பீலி. எனக்கு இந்த ஜென்மத்தில் வேண்டியது அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான், அதே சரிவில் குச்சிகளுக்குச் சற்று மேலே உள்ள பள்ளத்தில் சந்திக் கடைத்தெருவின் குப்பையைக் கொட்டலாம் என்று எங்கள் பக்கத்துச் சபை யோசிப்பதாகக் காதில் விழுந்தது. குப்பை வந்தால் தண்ணீரும் போச்சு, வீடும் போச்சு. அடுத்த பயிற்சிச் செயலமர்வை எங்கே நடத்துவது என்று அலுவலகத்தில் கேட்டபோது, யோசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, எங்கள் தோட்டத்தின் பேரைச் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. நீங்களும் போய்ச் சொல்லிவைக்காதீர்கள்.

ரேடியோ

முதலில், நான் வாயை மூடக் கற்றுக்கொண்ட கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரகலைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவரை ஒரு மாதமாகத் தயார் செய்து ஒரு சபைக்குக் கூட்டிப் போனேன். செயலமர்வில் சிங்கம் மாதிரி பேசின மனுஷன், சபையில் மைக்கைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். என்னால் பொறுக்க முடியவில்லை. பின்னாலிருந்து மெதுவாக, "மழைத்தண்ணி" என்றேன். அவர், "மழைத்தண்ணி" என்றார். "சரிவுல இறங்கி" என்றேன். அவரும், "சரிவுல இறங்கி" என்றார்.

இப்படியே முழுப் பாடமும் போயிருக்கும். நடுவில் அந்தச் சபையின் தலைவரான தவிசாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, என்னை எட்டிப் பார்த்துக் கேட்டார். "இவர் தொண்டரா மிஸ், இல்ல நீங்க பின்னாலிருந்து போடுற ரேடியோவா?"

அரைப் பேர்

எங்கள் தோட்டத்துச் செயலமர்வை மாதா கோயில் மண்டபத்தில் வைத்தேன். காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். எட்டேமுக்கால் பஸ்ஸில் நான் போய் இறங்கினால், எல்லோரும் ஏழரைக்கே வந்து வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். காலைப் பெரட்டுக்கு நின்று, பேர் குடுத்து, வேலை வாங்கிக்கொண்டு போய்ப் பழகின கால்கள். உட்காருங்க என்றால் உட்காரவும் மாட்டேன் என்கிறார்கள். எதைச் சொன்னாலும், "சரிங்க மிஸ்." இதில் பாதிப் பேர் என்னைக் கவுன் போட்ட காலத்திலிருந்து தெரிந்தவர்கள்!

வந்தவர்களில் மூன்று பேரை மட்டும் உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன். ஒருவர் செல்வராணி அக்கா. கொழுந்து எடுப்பவர், எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர், சரிவில் அம்மாவின் குச்சிகளுக்கு அடுத்த குச்சிகள் அவருடையவை. லயத்தில் என்னை ரெஜினா என்பார், மண்டபத்துக்குள் வந்தால் மிஸ். இன்னொருவர் அந்தோனி மாமா, ஓய்வு பெற்ற கங்காணி, வெயிலோ மழையோ குடை கையில் இருக்கும். மூன்றாமவர் சந்தியில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் கபூர் நானா. கடைத்தெருக் குப்பையில் பாதி எங்கட கடையுடையதுதானே, அது எங்க போகுதுண்டு பார்க்க வேணாமா என்று அவராகவே வந்தார்.

முதல் நாள் நான் நீட்டி முழக்கினேன். சபைக்காரர்கள் உங்கள் ஓட்டில் வந்தவர்கள், இனிமேல் நீங்கள்தான் வாத்தியார், அவர்கள்தான் பிள்ளைகள் என்றேன். தோட்டத்தில் பெரட்டுக்குப் பிந்தி வந்தால் அரை நாள் சம்பளம்தான். அதற்கு அரைப் பேர் என்பார்கள். அதிலேயே ஆயுசு போனவர்களுக்கு நான் சொன்னது எங்கே போய் விழுந்ததோ தெரியாது. கடைசியில் செல்வராணி அக்கா மட்டும் கையைத் தூக்கினார். "சபைக்காரங்க லேட்டா வந்தா அரைப் பேர் போடலாமா மிஸ்?"

பச்சைத் தாள்

இரண்டாம் நாள், சபை வைத்திருக்கும் நிலப் பயன்பாட்டு வரைபடத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்து மேசையில் விரித்தேன். கடைத்தெரு இருக்கிறது, ரோடு இருக்கிறது, ரயில் பாதை இருக்கிறது, விகாரையும் பள்ளிவாசலும் இருக்கின்றன. எங்கள் தோட்டம் மட்டும் முழுக்க ஒரே பச்சை. நடுவில் 'தேயிலை' என்று ஒரு சொல். லயம் இல்லை, கோயில் இல்லை, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பரா இல்லை, பீலி இல்லை. அந்தப் பள்ளத்தைச் சபை ஏன் தேர்ந்தெடுத்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. படத்தைப் பார்த்தால் அங்கே ஆளே கிடையாது.

அந்தோனி மாமா குடையைச் சாத்தி வைத்துவிட்டுப் பென்சிலைக் கேட்டார். ஒவ்வொரு தேயிலை மலையின் நம்பரும் அவருக்கு மனப்பாடம். எந்தக் கான், அதாவது வடிகால், எங்கே இறங்குகிறது, எந்த மலையில் கல், எதில் சேறு, எல்லாம் வரைந்தார். மற்றவர்கள் லயங்களைப் போட்டார்கள். புதைகுழிகளைப் போட்டார்கள். நான் யாரும் பார்க்காத நேரம் பார்த்துப் பீலிக்கு மேலே ஒரு சின்னச் சதுரம் போட்டேன். நிமிர்ந்தால் செல்வராணி அக்கா பக்கத்தில் நின்று, தன்னுடைய சதுரத்தை ஒட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

கபூர் நானா அந்தப் பச்சையையே ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கடையில் கருவாடு வாங்குவதில் முக்கால்வாசி எங்கள் ஆட்கள்தான். அவர் வாப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். "இவ்வளவு பேரும் எங்கட கடைக்கு வாறீங்க," என்றார், "படத்துல ஒருத்தரயும் காணல்லயே."

காய்ச்சின தண்ணி

தண்ணீரைச் சோதிக்க எங்களிடம் ஒரு சின்னப் போத்தல் உண்டு. அடியில் கொஞ்சம் மருந்து இருக்கும். தண்ணீரை நிரப்பி இரண்டொரு நாள் வைத்தால், அசுத்தம் கலந்திருந்தால் கறுத்துவிடும். எங்கள் பீலித் தண்ணீருக்கு ஒன்று, எங்களுக்குக் கீழே உள்ள லயத்துப் பீலிக்கு ஒன்று என்று இரண்டு போத்தலை அந்தோனி மாமாவிடம் குடுத்தேன். மூன்று நாளாகியும் இரண்டும் கறுக்கவில்லை. பன்னீர் மாதிரி பளபளவென்று இருக்கிறது. மற்றவர்களுக்குச் சந்தோஷம், எனக்குச் சந்தேகம். கீழ் லயத்துப் பிள்ளைகளுக்கு மாதம் தவறாமல் வயிற்றோட்டம் வருவது எனக்குத் தெரியும்.

எப்படிப் பிடித்தீங்க மாமா என்று கேட்டேன். மனுஷன் பெருமையாகச் சொன்னார். கேத்தலில் நன்றாகக் கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஆறவைத்து ஊற்றினாராம். காய்ச்சிக் குடிங்க, காய்ச்சிக் குடிங்க என்று மருத்துவிச்சி அம்மா வருஷக்கணக்காகப் போட்ட போடு. சோதனைக்குப் பச்சைத் தண்ணீர்தான் வேண்டும் என்று நான் தலையில் கை வைத்ததும் அவருக்கு முகம் சுருங்கிப்போனது. "பெரிய ஆளுங்க பார்க்கப் போற தண்ணிய," என்றார், "எப்படி மிஸ் பச்சையா குடுக்கிறது?"

இரண்டு பக்கம் சேர்த்து

மறுபடியும் பிடித்தோம், இந்த முறை பச்சையாக. எங்கள் பீலித் தண்ணீர் கறுக்கவில்லை. கீழ் லயத்துத் தண்ணீர் மறுநாளே மை மாதிரி ஆகிவிட்டது. காரணத்தை அந்தோனி மாமா படத்தில் விரலை வைத்துக் காட்டினார். எங்கள் லயத்துக் கக்கூஸ் குழிகள் அவர்களுடைய ஊற்றுக்கு நேர் மேலே இருக்கின்றன. எங்கள் பீலிக்கு மேலே இன்னும் ஒன்றும் இல்லை, அதனால்தான் அது சுத்தம். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் விரலை என் சதுரத்துக்கு நகர்த்தினேன். பீலிக்கு மேலே ஏழு பேர்ச் வீடுகள் வந்தால், வீட்டுக்கு ஒரு குழி வரும். கறுத்த போத்தல் நாளைக்கு எங்களுடையது.

எங்கள் கையேட்டில் இது தெளிவாக இருக்கிறது. ஊற்றைச் சுற்றி ஒரு வட்டம் போடு. அந்த வட்டத்துக்குள் குப்பை கூடாது, களைக்கு மருந்தடிக்கக் கூடாது, மாடு கட்டக் கூடாது. இவ்வளவும் ஒரு பக்கம். திருப்பினால் அடுத்த பக்கத்தில் முதல் வரி: கக்கூஸ் குழி கூடாது, குடியிருப்பு கூடாது. இந்தப் பக்கத்தை எத்தனையோ ஊரில் மேசையைத் தட்டித் தட்டி நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு வட்டத்தைப் போட்டேன், குப்பையைச் சொன்னேன், மருந்தைச் சொன்னேன், மாட்டைச் சொன்னேன், பிறகு இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் பிடித்துப் புரட்டினேன். அதை யாரும் கவனிக்காமலிருக்க எல்லோரையும் தேத்தண்ணி குடிக்க எழுப்பிவிட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்தச் சதுரத்தை என் கையால் அழிக்க எனக்கு மனம் வரவில்லை. எழுந்துபோகும்போது கபூர் நானா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன மிஸ், இன்னும் பத்தே ஆகல்ல, அதுக்குள்ள டீயா?"

தெரிந்த சபை

கடைசி நாள் நாடகம். பாதிப் பேர் சபை, பாதிப் பேர் முறைப்பாடு சொல்ல வந்த ஆட்கள். செல்வராணி அக்காவைத் தவிசாளராக உட்காரவைத்தேன். கபூர் நானா தோட்டத்து ஆளாக வந்து, குப்பையால் தண்ணீர் கெட்டுப்போகும் என்று உருகி உருகிச் சொன்னார். அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. காகிதத்தில் எதையோ எழுதிக்கொண்டே, இது தோட்ட விஷயம், மேனேஜர் தொரையிடம் போ என்றார். தொரை இங்கே அனுப்பினார் என்றார் நானா. அப்படியானால் எழுதிக் குடுத்துவிட்டு அடுத்த மாதம் வா என்றார் அக்கா. இப்படி மூன்று தரம் அனுப்பினதும் நானாவுக்கு நிஜமாகவே முகம் சிவந்து, குரல் உடைந்துவிட்டது.

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா எழுந்து வந்து நானாவுக்குத் தன் பங்குத் தேத்தண்ணியைக் குடுத்தார். "கோவிச்சுக்காதீங்க நானா," என்றார், "எனக்குத் தெரிஞ்ச சபை இது ஒண்ணுதான்."

ஞாயிற்றுக்கிழமை

சபைக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மாவைத் தேடினேன். வீட்டில் இல்லை. சரிவில் ஏறிப் பார்த்தால், குச்சிகளுக்கு நடுவில் நின்று ஈர்க்குமாற்றால் வெறும் தரையைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் இது நடக்கிறதாம், எனக்குத்தான் தெரியாது. இது குசினி, இங்கே அடுப்பு, இது உனக்கு அறை, இந்தப் பக்கம் ஜன்னல், பீலிச் சத்தம் கேட்கும் என்று என்னை இடம் இடமாக நிறுத்திக் காட்டினார். நான் ஜன்னல் பக்கம் நின்றேன். உண்மையாகவே கேட்டது. பதுளை அறையில் விடிய விடிய நான் தேடுகிற சத்தம் அது. அந்த நிமிஷம் எனக்கு வட்டமும் வேண்டாம் சதுரமும் வேண்டாம், கையேட்டைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டு அங்கேயே பாயை விரித்துப் படுக்கலாம் போல இருந்தது.

குப்பையைப் பற்றி அம்மாவுக்குத் தெரியும். அதை நீ நிறுத்திவிடுவாய் என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். அடுத்த பக்கத்தைப் பற்றி அவருக்கு நான் சொல்லவில்லை. வீடே இல்லாத இடத்தை ஏன் அம்மா கூட்டுறீங்க என்று மட்டும் கேட்டேன். அவர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "வீடு வந்தப்புறமா பழகுறது? இப்பவே பழகிக்கிறேன்."

வளையல்

சபையன்று செல்வராணி அக்கா திருநாளுக்குக் கட்டுகிற சேலையில் வந்தார். அந்தோனி மாமா குடையோடும், கபூர் நானா சுருட்டின வரைபடத்தோடும் வந்தார்கள். நான் பின்வரிசைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். தவிசாளர் சிங்களவர், தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர், தமிழ் நன்றாக வரும். அக்காதான் ஆரம்பித்தார். படத்தை விரித்து, பச்சைக்குள் இருக்கிற லயங்களைக் காட்டினார். வட்டம் போட வேண்டிய இடத்தில் நூலில் கட்டின பென்சிலைச் சுற்ற வராமல், தன் வளையலைக் கழற்றி ஊற்றின் மேல் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்தார். பள்ளம் வட்டத்துக்குள் விழுந்தது. மழை பெய்தால் குப்பைத் தண்ணீர் எந்தக் கானில் இறங்கி எந்தப் பீலிக்கு வரும் என்று விரலாலேயே நடந்து காட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உறுப்பினர்கள் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். இவ்வளவு பேர் அங்கே இருப்பது படத்தில் இல்லையே என்று தவிசாளர் செயலாளரைக் கேட்டார். குப்பை அங்கே கூடாது, சரி என்று தலையாட்டினார். பிறகு வட்டத்துக்குள் இருந்த சின்னச் சதுரங்களின் மேல் பேனாவை வைத்து, இது என்ன என்றார். வீட்டுக்கு அளந்த இடம் என்றார் அக்கா. குப்பை கூடாத இடத்தில் வீடு மட்டும் வரலாமா என்று தவிசாளர் கேட்டார். கேட்டது விஷமத்திலா அப்பாவித்தனத்திலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

செல்வராணி அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. எழுந்து, வீட்டுத்திட்டம் வேறு விஷயம் ஐயா, அதைப் பிறகு பேசலாம் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி அத்தோடு போயிருக்கும். உண்மையைச் சொல்லவும் ஒரு வாக்கியம் போதும். இரண்டையும் சொல்லாமல் நான் சுவரைப் பார்த்தேன். தொண்டர்தான் பேச வேண்டும் என்ற விதிக்குப் பின்னால் அன்றைக்கு நான் நன்றாகவே ஒளிந்துகொண்டேன். அக்கா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தவிசாளர் பக்கம் திரும்பினார். "வரக் கூடாதுங்க. எங்க கக்கூஸ் குழியும் குப்பை மாதிரிதான். இதுல ஒரு இடம் என்னுது, பக்கத்து இடம் மிஸ்ஸோட அம்மாவுது. ரெண்டுமே வட்டத்துக்குள்ளதான் இருக்கு."

பீலியடி

குப்பைத் திட்டத்தை அந்தப் பள்ளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வீட்டு இடங்களுக்கு வேறு நிலம் பார்க்கும்படி உரிய இடத்துக்கு எழுதுவதாகவும் முடிவெடுத்தார்கள். எழுதுவது என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளியே வந்ததும் அந்தோனி மாமா குடையை விரித்துக்கொண்டு நடந்தார். கபூர் நானா கடையைத் திறக்கப் போய்விட்டார். நானும் அக்காவும் பஸ்ஸில் வந்து இறங்கி லயத்துக்கு ஏறும்போது வெயில் சாய்ந்திருந்தது.

அம்மா பீலியடியில் வாளியோடு நின்றார். சொல்ல வேண்டியது நான். அக்காதான் சொன்னார். குப்பை வராது, நம்ம இடமும் இல்லை என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அம்மா சரிவை நிமிர்ந்து பார்த்தார். அப்ப தண்ணிக்கு ஒண்ணும் ஆகாதே என்று கேட்டார். ஆகாது என்றேன். வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். நான் பின்னாலேயே ஓடி வாளியை வாங்கியிருக்க வேண்டும். பீலியடியிலேயே நின்றுவிட்டேன்.

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அந்தப் பக்கம் எனக்குத் தெரியும் அக்கா, வேணும்னுதான் புரட்டினேன், வீட்டு ஆசை என்றேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பீலியில் கை கால் கழுவி, முகத்தைக் கழுவி, இரண்டு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். நானும் குடித்தேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு! அப்படி ஒரு தண்ணீர் எங்கேயும் இல்லை. அக்கா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, சபைக்குப் போகிறவள் எல்லாம் தெரிந்துகொண்டு போகணும் என்று நானாவைக் கடையில் உட்காரவைத்து, நாங்கள் அவருக்குக் குடுத்த கையேடு முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டதாகச் சொன்னார். அதைக் கேட்ட அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறாக்காமல் படுத்துவிட்டாராம். "எங்க வீடு கட்டக் கூடாதுன்னு நல்லா எழுதியிருக்கு," என்றார். "எங்களுக்கு எங்க இடம் இருக்குன்னு எழுதியிருக்கிறது ஒன் புத்தகத்துல எந்தப் பக்கம், ரெஜினா?"

நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று ஊர் ஊராகச் சொல்லிக்குடுத்து எனக்கு நல்ல பேர்தான், பயன்படுத்திப் பார்க்கத்தான் ஒரு துண்டு நிலம் இன்னும் கிடைத்தபாடில்லை.